ஹெக்டர் துரை கட்டிய லயம்

9ஆம் காம்பரா, ஏழாம் நம்பர் லயம்,
மூக்குக்கல் தோட்டம், மேற்பிரிவு,
பதுளை.
நவம்பர் மாதம், சனிக்கிழமை பின்னேரம்.

அன்பும் மதிப்பும் நிறைந்த துஷாந்த் மாமாவுக்கு,

உங்கள் அக்கா விஜயலெட்சுமியின் மகள் கேசினி எழுதிக்கொள்வது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், எனக்குப் பாதகமானதையும் விடாமல் இந்தக் கடிதத்தில் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகமாகவும் ஈரமாகவும் இருக்கிறோம். மொனராகலையில் நீங்கள் சுகமாகவும் காய்ந்தும் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். காய்ந்திருப்பதற்காக மாரியம்மனிடம் வேண்டுவது முறையா என்று தெரியவில்லை. கோயிலில் கேட்டுப் பார்த்தேன், யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வீடு வீடாகக் காம்பராக்களைப் பிரிக்கும் லயத்துச் சுவர்கள் கூரைவரை போகாது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்பதாம் காம்பராவில் தும்மினால் முதலாம் காம்பராவிலிருந்து "நூறு வயசு" என்று வாழ்த்து வருகிறது. இங்கே போனில் பேசுவது பன்னிரண்டு குடும்பத்தையும் கூட்டி வைத்துப் பேசுவதற்குச் சமம். ஆகவே காகிதம்தான் பாதுகாப்பு.

முதலில் கூரை. நீங்கள் வேலைக்குப் போனபோது ஒழுகிய ஐந்து இடங்களும் அப்படியே இருக்கின்றன, புதிதாக ஆறு சேர்ந்திருக்கின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் நீல வாளி, அலுமாரிக்கு மேலே பேசின், என் தலைமாட்டில் சோற்றுச் சட்டி என்று ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒரு பாத்திரம் உண்டு. மழைநாளில் சோறு வடிக்கச் சட்டி வேண்டுமென்றால் நான் இடம் மாறிப் படுக்க வேண்டும். பதினொரு வருடம் மனுக் கொடுத்த பிறகு இந்தச் செப்டெம்பரில் லொறியில் புதுத் தகரம் வந்து பெரட்டுக் களத்தில் இறங்கியது. காலைப் பெரட்டில் எல்லோருடைய பெயரையும் கூப்பிட்டு முடித்த கையோடு, தீபாவளிக்கு முன்னால் ஏழாம் நம்பர் லயத்துக்குப் புதுக் கூரை என்று தோட்டத்தை நடத்தும் துரையே சொன்னாராம். பத்தாம் காம்பரா இராக்கம்மா அத்தையை உங்களுக்குத் தெரியும், கொழுந்தெடுப்பதில் கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட இரண்டு கிலோ கூட. அவர் வேலை முடிந்து வரும் வழியில் தினமும் அந்தத் தகரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்தத் தகரம் என்னால் போயிற்று, மாமா. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதே செப்டெம்பரில்தான் "நம் ஊரே நம் பாடம்" என்ற செயற்றிட்டமும் வந்தது. ஒவ்வொரு பாடசாலையும் பக்கத்தில் இருக்கும் ஒரு மரபுரிமைத் தலத்தோடோ இயற்கைத் தலத்தோடோ பங்காளியாகி, புத்தகத்தில் உள்ளதை அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தும் தொட்டும் படிக்க வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம். கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அதில் பாதி சோற்றுச் சட்டியாலும் இருக்கலாம். தலங்களைப் பங்கிடப் பதுளையில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் பாடசாலை அதிபர் போன பஸ்ஸுக்குப் பாதி வழியில் டயர் வெடித்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி ஒரு பாடசாலைக்கும், தெமோதரை ரயில் வளைவு இன்னொன்றுக்கும், பழைய மரப்பாலம் வேறொன்றுக்கும் போய்விட்டன. ஒரு குகை மட்டும் மிச்சம் இருந்ததாம். அதிபர் குடையை மடக்குவதற்குள் அதையும் யாரோ எடுத்துவிட்டார்கள். எங்கள் பாடசாலையின் பெயருக்கு நேரே "அண்மையில் உள்ள ஏதேனும் ஒன்று" என்று எழுதியிருந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதிபர் அதை ஒரு நீர்வீழ்ச்சியைப் போலவே பெருமையாக வாசித்தார்.

முதலில், தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த மூக்குக்கல் பாறையைத்தான் ஏதேனும் ஒன்றாக எடுத்தோம். எங்கள் வகுப்பு முப்பத்திரண்டு பேரும் மலையில் ஏறினோம். வரலாறு படிப்பிக்கும் லீலாதேவி டீச்சர் முன்னால் போனார். அவர் பதுளை டவுனிலிருந்து வருகிறவர், பூர்வீகம் யாழ்ப்பாணம், எந்த வழியிலும் வெள்ளைச் சப்பாத்தோடுதான் நடப்பார். மேலே போனால் ஒரே பனிமூட்டம், மூக்கும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை. டீச்சர் மனம் தளராமல் மூக்கு இருக்க வேண்டிய திசையில் கையைக் காட்டி முக்கால் மணி நேரம் பாறைகள் உருவான விதத்தை விளக்கினார், நாங்களும் எழுதினோம். பனி விலகியபோது அவர் காட்டிக்கொண்டிருந்தது துரையின் பங்களா என்று தெரிந்தது. எழுதியதை யாரும் வெட்டவில்லை. அன்று எங்களோடு உண்மையாகப் பங்காளியானவை காலில் ஏறி இரத்தம் குடித்த அட்டைகள் மட்டுமே, எனக்கு மட்டும் நான்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குளித்து வளர்ந்த அதே பீலி, மலைத்தண்ணீர் விழும் இடத்தில் அதே துவைக்கிற கல். சவர்க்கார நுரை வழிந்து ஓடியபோது கல்லின் மேல் ஏதோ பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. தென்னந்தும்பால் தேய்த்துப் பார்த்தால் ஆங்கில எழுத்துகள். இத்தனை வருடம் பன்னிரண்டு குடும்பமும் அதன் மேல் துவைத்திருக்கிறோம், ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் துவைக்கும்போது எல்லோரும் துணியைத்தான் பார்க்கிறோம். முதல் வரியில் ஹெக்டர் என்று ஒரு பெயர். இரண்டாவது வரியில் 1879, ஒரு கோடு, 1886. மூன்றாவது வரியில், கடைசிவரை விசுவாசம் என்ற பொருளில் சில சொற்கள். நான்காவது வரி தேய்ந்துவிட்டது, அந்தப் பாவம் எங்களுடையது. எல்லாவற்றையும் சுற்றி ஒரு வளையம் செதுக்கியிருந்தது, வளையத்தில் பெல்ட்டில் இருப்பது போன்ற ஒரு பக்கிள் மாதிரியும் இருந்தது. நான் நனைந்த துணிகளை அப்படியே விட்டுவிட்டு அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அம்மாவின் வேலைச் சேலை ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

டீச்சர் வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு விளக்கம் சொன்னார். ஹெக்டர் என்பவர் இந்த லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை. 1879இல் அத்திவாரம் போட்டு 1886இல் கட்டி முடித்திருக்கிறார். தொழிலாளர்களுக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்திருக்கிறார். வளையம் அவருடைய குடும்ப முத்திரை. ஒரு துரை தொழிலாளர்களுக்கு விசுவாசமாக இருந்தார் என்பது வரலாற்றில் மிகவும் அரிய செய்தி என்று சொல்லும்போது டீச்சருக்குக் கண் கலங்கியது. கல்வெட்டு இருந்தால் மட்டும் போதாது, வாய்மொழிச் சான்று மூன்று வேண்டும் என்றார். நான் லயத்தில் விசாரித்தேன். இராக்கம்மா அத்தை, தான் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த அன்றைக்கே அந்தக் கல்லில்தான் கால் கழுவியதாகச் சொன்னார். கோயில் கமிட்டித் தலைவர் மாரிசாமி மாமா, தன் தாத்தாவே அதில் வேட்டி துவைத்ததாகவும், இந்தக் கல்லுக்கு அப்போதே ஒரு மரியாதை இருந்ததாகவும் சொன்னார். மூன்றாவதாக அப்பாவைக் கேட்டேன். அப்பா "அந்தக் கல்லு வந்து..." என்று ஆரம்பித்தார். உடனே இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபோது சொல்ல வந்ததை மறந்துவிட்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து யார் ஹெக்டர் பெயரை எடுத்தாலும் அப்பா இருமுகிறார். நீங்கள் போன பிறகு அப்பாவுக்குப் பங்களாத் தோட்டத்தில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து நெஞ்சில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா தினமும் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறார்.

நான் எட்டுப் பக்கத்தில் கட்டுரை எழுதினேன். தலைப்பு: "எமது லயம், ஒரு மரபுரிமைத் தலம்". மாகாண மட்டத்தில் முதற்பரிசு கிடைத்தது. பரிசு ஒரு குடை. அதை இப்போது படிக்கும்போது வீட்டுக்குள் பிடித்துக்கொள்கிறேன்.

கட்டுரையை வாசித்துவிட்டுச் செயற்றிட்டப் பொறுப்பாளர் பரமலிங்கம் சேர் நேரில் வந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருக்கிறது. பதுளை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார், சிரிக்கவும் மாட்டார். கல்லைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "பிள்ளை, உந்த லயத்திலை இப்பவும் ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது என்றேன். "அதுதான் கொஞ்சம் கரைச்சல்," என்றார். ஆனாலும் பெரிய மனது பண்ணி எங்களை வைத்துக்கொண்டே லயத்தை மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டார். ஒரு வாரத்தில் பலகை வந்து லயத்துக்கு முன்னால் நின்றது. தொடுதல், துவைத்தல், ஆணி அடித்தல், மாற்றி அமைத்தல் ஆகியன தடை என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. துவைக்கிற கல்லைப் பீலியிலிருந்து பெயர்த்து, சீமெந்துத் திட்டில் நிறுத்தினார்கள். லயத்துப் பெண்கள் அன்றிலிருந்து துணிமூட்டையோடு கீழ்ப்பிரிவுப் பீலிக்கு இறங்கிப் போகிறார்கள். போக அரை மணி, ஏறி வர முக்கால் மணி.

ஆணி அடிக்கக் கூடாது என்றால் தகரத்தை எப்படிப் போடுவது என்று துரை மிகவும் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தோடேயே அன்று பின்னேரம் தகரம் முழுவதையும் ஏற்றி லொறிக் கராஜுக்கு அனுப்பிவிட்டார். கராஜ் கட்டி இருபது வருடம்தான் ஆகிறதாம், அதற்கு மரபு கிடையாது, ஆகவே தாராளமாக ஆணி அடிக்கலாம். தைப்பொங்கலுக்குள் கராஜுக்குப் புதுக் கூரை என்று நாளும் குறித்தார்கள். லயத்தில் யாரும் துரையைத் திட்டவில்லை, பலகையையும் திட்டவில்லை, என்னைத்தான். இராக்கம்மா அத்தை சுவருக்கு மேலாக அம்மாவைக் கேட்டது பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது.

"விஜயா, ஒம் மக எட்டுப் பக்கம் எழுதுனாளாம்ல. பக்கத்துக்கு ஒரு தகரம்னு வச்சாலும் என் வீட்டுக்கு மூடியிருக்குமே. இப்ப அந்தக் காகிதத்தயாச்சும் குடுக்கச் சொல்லு, ஒழுகுற எடத்துல அடைக்கிறேன்."

அம்மா வாளியை நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு பீலிக்குப் போகும் வழியில் என்னோடு யாரும் பேசவில்லை. என் வயதுப் பிள்ளைகள்கூட நான் வந்தால் துணிமூட்டையைத் தலையில் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். தீபாவளி அன்று அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தபோது பெரிய மழை பிடித்தது. கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் கொதிக்கிற எண்ணெய்க்குள் விழுந்து தெறித்தது. அம்மாவின் இடது கையில் மூன்று கொப்புளம். நான் மருந்து தடவினேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எழுதாமயாச்சும் இருந்திருக்கலாம்ல, கேசினி," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மரபுரிமைத் தலம் என்றால் பார்க்க ஆட்கள் வர வேண்டுமே, வந்தார்கள். டவுன் பாடசாலை ஒன்றிலிருந்து நாற்பது மாணவிகள் ஆளுக்கொரு வினாத்தாளோடு வந்து இறங்கினார்கள். "இத்தலத்தில் நீங்கள் உணரும் மணம் யாது?" என்று ஒரு கேள்வி. இராக்கம்மா அத்தை அந்த நேரம் பார்த்துக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் கருவாடு என்று எழுதினார்கள், நாற்பது பேருக்கும் சரி போட்டார்கள். "இங்கு வாழ்ந்த மக்கள் நீரை எவ்வாறு பெற்றனர்?" என்று ஒருத்தி சத்தமாக வாசித்தபோது அத்தை குடத்தைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்து, "வாழ்ந்த மக்கள் இன்னும் சாகலம்மா. படிக்கத்தானே வந்தீங்க, பீலி அந்தா இருக்கு," என்றார். நான்கு குடம் தண்ணீர் வந்து சேர்ந்தது. பிறகு நாற்பது பேருக்கும் கருவாட்டோடு ரொட்டி கொடுத்ததும் அத்தைதான். அந்த மாணவிகளில் ஹம்ஸியா என்று ஒருத்தி, என்னைப் போலவே கண்ணாடி போட்டவள், கல்லையும் லயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தச் சின்ன லயத்தையா ஏழு வருடமாகக் கட்டினார்கள் என்று கேட்டாள். அந்தக் காலத்தில் வேலை தரமாக நடந்தது என்று டீச்சர் சொன்னார். ஹம்ஸியா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

இதற்கிடையில் ஹெக்டர் துரைக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போனது. யாரும் தடுக்கி விழக் கூடாது என்று மாரிசாமி மாமாதான் கல்லில் முதலில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். பொட்டு வைத்த பிறகு பூ வைக்காமல் விட முடியவில்லை. பூ வைத்த பிறகு கற்பூரம். ஆறாம் காம்பராவில் காணாமல் போன கோழி கற்பூரம் காட்டிய மறுநாளே திரும்பி வந்ததால் வெள்ளிக்கிழமைப் பூசையும் நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரத் துரைக்குப் பொங்கல் பிடிக்குமோ என்னவோ என்று ஒரு சுருட்டும் அரைப் போத்தல் சாராயமும் வைத்தார்கள். சாராயம் மறுநாள் காலையில் இருக்காது. துரை குடித்துவிட்டதாக நம்புகிறார்கள், நான் கமிட்டியைச் சந்தேகிக்கிறேன். லயத்து நாய் மணி மட்டும் மரியாதை இல்லாமல் எந்நேரமும் அந்தக் கல்லோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். டீச்சர் கோடு போடும் அடிமட்டத்தால் விரட்டுவார், அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் அங்கேயே வந்து படுக்கும்.

அம்மாவின் கைக் கொப்புளம் ஆறுவதற்கு முன்பே நான் செயற்றிட்டத்தின் சுற்றறிக்கையை வாசித்தேன். பதினெட்டுப் பக்கம். டீச்சரும் அதிபரும் முதல் பக்கத்தைத்தான் வாசித்திருந்தார்கள். பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: தலத்தை மழை, வெயில், கால்நடை ஆகியவற்றிலிருந்து காப்பது கட்டாயம், அதற்கான பாதுகாப்பு வேலைகளுக்குப் பொறுப்பாளர் எழுத்தில் அனுமதி வழங்கலாம். நான் அதை அடிக்கோடிட்டு டீச்சரிடம் கொடுத்தேன். எழுத்தில் இருப்பதைக் காட்டினால் மட்டும் பெரியவர்களுக்கு விளங்காது, தலத்திலேயே பாடம் நடத்த வேண்டும், அதுதானே இந்தத் திட்டத்தின் நோக்கம் என்றும் சொன்னேன். ஆகவே சென்ற புதன்கிழமை பரமலிங்கம் சேர் பரிசோதனைக்கு வந்தபோது, வெளியே மழை, கூட்டத்தை எங்கள் வீட்டுக்குள் வைத்தோம். சேருக்கு நாற்காலி போட்ட இடத்தில் வழக்கமாக நீல வாளி இருக்கும். வாளியை எடுத்தது நான்தான். உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

அதிபர் வரவேற்புரை சொன்னார். முதல் துளி சேரின் தலையில் விழுந்தது, அவர் கவனிக்காதது போல இருந்தார். இரண்டாவது துளி கண்ணாடியில். ஃபைலைத் திறந்தார், ஃபைலுக்குள் விழுந்தது. நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்தார், அங்கே அலுமாரிக்கு மேலிருந்த பேசின் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்தார், அது என் சோற்றுச் சட்டியின் இடம். அம்மா புண்கையோடு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். சேர் கொஞ்ச நேரம் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் உற்றுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது, நான் குடிக்கக் குடிக்க உந்தத் தேத்தண்ணி கூடிக்கொண்டல்லோ வருது?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராக்கம்மா அத்தை, "எங்களுக்கும் அப்புடித்தாங்க சேர், ஒரு தடவ ஊத்துனா ராத்திரிக்கும் வரும்," என்றார். சேர் அம்மாவின் கையைப் பார்த்து, என்ன காயம் என்று கேட்டார். அம்மா சொன்னார். நான் பதினான்காம் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு ஃபைலில் காய்ந்திருந்த ஒரே தாளில், என் பரிசுக் குடைக்குக் கீழே உட்கார்ந்து, "1886இல் கட்டிமுடிக்கப்பட்ட இம்மரபுரிமைத் தலத்தை மழையிலிருந்து காக்கும் பொருட்டு உடனடியாகக் கூரை மாற்றப்படல் வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை கொஞ்சம் பரவியது, ஆனால் வாசிக்கலாம்.

மாமா, அரசாங்க முத்திரையைக் கண்டால் துரைக்கும் வருத்தம் தெளிகிறது. வியாழக்கிழமையே கராஜிலிருந்து தகரம் திரும்பி வந்தது. நேற்றும் இன்றும் ஆணிச் சத்தம்தான். முதலாம் காம்பராவிலிருந்து எட்டுவரை முடிந்துவிட்டது. எங்கள் ஒன்பதும் இராக்கம்மா அத்தையின் பத்தும் மற்ற இரண்டும் நாளைக் காலையில். பதினோராம் காம்பராவில் இன்றே இருக்கிற வாளிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். நேற்றுப் பீலிக்குப் போகும்போது என் மூட்டையை இராக்கம்மா அத்தையே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "படிச்ச புள்ளன்னா இப்புடி இருக்கணும்," என்று எனக்குக் கேட்கும்படி மற்றவர்களிடம் சொன்னார்.

இனி நான் கடிதம் எழுதிய காரியம். அடுத்த மாதம் பதுளையில் கண்காட்சி நடக்கிறது. எங்கள் லயத்தைப் பற்றிய சிறுநூல் அங்கே வெளியாகிறது, அட்டையில் என் பெயரும் வரும். மூன்றாவது வாய்மொழிச் சான்று இன்னும் குறைகிறது, அப்பாவின் இருமலை அச்சில் போட முடியாது. நீங்கள் இதே காம்பராவில் பிறந்து, இதே பீலியில் வளர்ந்தவர். ஆகவே ஹெக்டர் துரையைப் பற்றிச் சின்ன வயதில் கேள்விப்பட்ட எதையாவது எழுதி, கீழே கையொப்பமிட்டு அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மா பொறுமை இல்லாமல் நேற்றே கல், சுருட்டு எல்லாவற்றையும் பற்றி உங்களுக்குக் குரல்பதிவு அனுப்பிவிட்டாராம். அதைப் பொருட்படுத்த வேண்டாம், வரலாற்றுக்குக் காகிதம்தான் ஆதாரம்.

மொனராகலை அத்தைக்கும் உங்கள் கடை முதலாளிக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் தலைக்கு மேல் எப்போதும் ஒழுகாத கூரையும், அந்தக் கூரைக்கு மேல் அளவான மழையும் இருக்க வேண்டும் என்று எல்லாக் கடவுள்களையும், வெள்ளிக்கிழமையில் கூடுதலாக ஒருவரையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
மு. கேசினி (தரம் 10)

பி.கு: மாமா, இதை உறையில் போடுவதற்குள் உங்கள் குரல்பதிவு அம்மாவின் போனுக்கு வந்துவிட்டது. ரொட்டிக்குப் பிசைந்த மாக் கையோடு அம்மா போனைத் தட்டியதில் அது ஸ்பீக்கரில் சத்தமாக ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் சிரித்து முடிக்கவே அரை நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, எந்தத் துரை? ஹெக்டருங்கிறது ஒரு நாயி, அக்கா. பங்களாவுக்குக் கீழ வெள்ளக்காரன் பொதச்ச நாயி, அதோட தலமாட்டுல இருந்த கல்லு. பழைய தொவைக்கிற கல்லு ஒடஞ்சப்ப நானும் மச்சானுந்தான் சின்னப் பசங்களா ஒரு மழ நாளு பாத்துத் தூக்கிட்டு வந்து பீலியில போட்டோம். தோட்டத்துல குடுத்ததுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டீங்க. கல்லு இருந்த எடத்துல ரோஜாச் செடி வச்சு மூடுனதே மச்சாந்தான், அவருகிட்ட கேளு. அதுக்குப் போயி சுருட்டு வச்சீங்களாமே, எலும்புல்ல வச்சிருக்கணும்."

பன்னிரண்டு காம்பராவுக்கும் அது கேட்டது. அப்பா இருமவில்லை, இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. நான் யோசித்துப் பார்த்தேன். ஏழு வருடம் ஒரு லயம் கட்ட அதிகம், ஒரு நாய்க்குச் சரியாக இருக்கிறது. அந்த வளையம் கழுத்துப் பட்டி. நாய் மணி அங்கே படுத்துக் கிடந்ததற்கு மட்டும் எனக்கு இன்னும் விளக்கம் இல்லை. தன் தாத்தாவின் வேட்டியைப் பற்றி மாரிசாமி மாமாவும் எதுவும் பேசவில்லை.

பரமலிங்கம் சேரின் கடிதம் 1886 என்ற எண்ணின் மேல்தான் நிற்கிறது, அந்தக் கடிதத்தின் மேல்தான் தகரம் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சேருக்கு உண்மையை எழுதத்தானே வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, புதுத்தாள் ஒன்று எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராக்கம்மா அத்தை, என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில், "கேசினி, கண்ணு, எங்க கூரை நாளைக்குத்தானே?" என்று கேட்டார். மதிப்புக்குரிய சேர் அவர்களுக்கு, உண்மை என்னவென்றால் என்பதுவரை எழுதினேன். பன்னிரண்டாம் காம்பராவில் விளக்கு அணைந்தது. பிறகு பதினொன்று, பிறகு பத்து. ஏற்கெனவே கூரை போட்டு முடித்த எட்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கடைசியாக எங்கள் வீடு. சுவிட்சில் ரொட்டி மா ஒட்டியிருக்கிறது.

இன்னும் மணி ஆறரைகூட ஆகவில்லை. எதையும் விடாமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லியிருப்பதால், அடுப்பு வெளிச்சத்தில் இந்த ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன்: விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.